கலந்துவிட்டது என்று சொன்னேன்

"என் குரல் எங்க தம்பி இருக்கு?" என்று அந்த அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார். காது மூடியிருந்ததால் கேள்வி சற்று உரக்கவே வந்தது. நான் ஒலிப்பதிவு செய்யப் போயிருந்த ஆலயப் பாடகர் குழு அது. கொயரில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாரோடயும் கலந்துடுச்சும்மா" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் "என் குரல் நல்லா கலந்துடுச்சாம்" என்று சொல்லிக்கொண்டார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இருந்தும் அந்தப் பதில் என்னை விடமாட்டேன் என்கிறது.

அதற்குச் சற்று முன்பு, இடைவேளையில் கொயர் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்திருந்தார். "முன்னாடி உட்கார்ந்திருக்காங்களே, அவங்க குரல் மட்டும் தனியா தெரியுது. உங்க பக்கம் ஏதாவது பண்ண முடியுமா? அவங்ககிட்ட என்னால சொல்ல முடியாது" என்றார். "பார்க்கிறேன் சார்" என்றேன். மைக் ஸ்டாண்டை மேலே ஏற்றினேன், ஒரு மீட்டர் பின்னால் தள்ளி வைத்தேன், சாயாமல் இருக்க ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையைத் திரும்பப் போட்டேன். நான் செய்தது இவ்வளவுதான்.

இதை எந்த ஒலிப்பதிவாளரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். அன்று என்னிடம் இருந்தவை பேட்டரியில் ஓடும் ஒரு ரெக்கார்டரும் இரண்டு கண்டென்ஸர் மைக்குகளும். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் முறையில், 17 செ.மீ. இடைவெளியும் 110 டிகிரி கோணமுமாக இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் கட்டியிருந்தேன். ஆலயத்தின் எதிரொலியோடு ஒரு கொயரை இயல்பாகப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. படிவரிசையில் ஏறி நிற்க முடியாது என்பதால் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வாயிலிருந்து மைக்குக்குச் சுமார் 2 மீட்டர், கடைசி வரிசையிலிருந்து 4 மீட்டர். தூரம் இருமடங்கானால் நேரே வந்து சேரும் ஒலி 6 டெசிபல் குறையும். அதாவது அவர் குரல் தனியாகத் தெரிந்ததற்குக் குரல் காரணமல்ல, நாற்காலி காரணம். ஸ்டாண்டை ஏற்றியதும் இரண்டு தூரங்களும் 3.5 மீட்டர், 5 மீட்டர் என்று ஆகின. வித்தியாசம் 3 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. மைக் அவருக்குச் செய்த அநியாயத்தைத்தான் நான் சரி செய்தேன். ஆலயத்துக்குள் உட்கார்ந்து கேட்பவர் யாருக்கும் அவர் குரல் அப்படித் தனியாகக் கேட்டிருக்காது.

இந்தக் கணக்கு எனக்குத் தெம்பு தருகிறது. ஆனால் கொயர் மாஸ்டர் என்னிடம் கேட்டது இந்தக் கணக்கை அல்ல. "முன்வரிசை கூடுதலாக வருகிறது" என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஆளைக் குறிப்பிட்டுச் சொன்னார். அந்த ஆளைக் குறைக்கத்தான் நான் ஸ்டாண்டில் கை வைத்தேன். முதல் டேக்கிலேயே, அதாவது முதல் தடவை பதிந்தபோதே, அந்த உயரத்தில் வைத்திருந்தால் இதே ஒலிதான் கிடைத்திருக்கும், யாருக்கும் எதுவும் நேர்ந்திருக்காது. ஒலி ஒன்றே என்றாலும் நோக்கம் வேறு. அந்த அம்மா என்னைக் கேட்டது அந்த நோக்கத்தைப் பற்றி. நான் பதில் சொன்னது ஒலியைப் பற்றி.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? "மாஸ்டர் குறைக்கச் சொன்னார்" என்றா? அவ்வளவு பேர் நடுவில் அப்படிச் சொல்வது நேர்மையாக இருந்திருக்காது, கொடுமையாக இருந்திருக்கும். பதிவு செய்யப் போகிறவன் அந்தக் குழுவுக்கு விருந்தாளி. அவர்களுக்குள் பல வருஷமாக இருக்கிற விஷயத்தை ஒரு மாலையில் வந்து போட்டு உடைக்க நான் யார்? இப்படி நினைக்கும்போது என் பதில் சரியாகத்தான் படுகிறது.

நாற்காலியை இரண்டாம் வரிசையின் ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லியிருக்கலாம். அங்கே தரை மட்டம்தான், படி ஏற வேண்டியதில்லை. அவரிடமே "மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கீங்கம்மா" என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். அவரும் சேர்ந்து எடுத்த முடிவாக அது இருந்திருக்கும். அன்று இது எனக்குத் தோன்றவில்லையா, அல்லது பேசாமல் காரியத்தை முடிப்பதே சுலபம் என்று விட்டேனா என்பதை இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு டேக்குகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோது குழப்பம் கூடியது. இரண்டாவதில் குரல்கள் அழகாக ஒன்றுசேர்ந்திருக்கின்றன, ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரலும் டெனர் என்கிற ஆண்களின் மேல்குரலும் வேண்டிய அளவு கேட்கின்றன. ஆனால் வார்த்தைகள் மங்கிவிட்டன. மைக் தள்ளிப் போகப் போக நேரடி ஒலியைவிட எதிரொலி ஓங்கும், அப்போது முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள்தான். முதல் டேக்கில் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுகிறது. அடியின் கடைசியில் வரும் 'ட்டு', 'த்து' எல்லாம் மழுங்காமல் முடிகின்றன. ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால் அந்த முடிவுகளை முதலில் வைப்பவர் அந்த அம்மா. ஒரு நூலிழை பின்னால் மற்ற சோப்ரானோக்கள், அதாவது மேல்குரலில் பாடும் பெண்கள், வந்து சேர்கிறார்கள். கொயர் மாஸ்டரின் கையைப் பார்ப்பது போலவே அவர்கள் இவர் குரலையும் பார்த்துப் பாடுகிறார்கள். பக்கத்தில் இருந்ததால் மைக் இதை ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். அல்லது கூட்டத்துக்குள் மறைந்திருந்த ஒன்றை அதுதான் காட்டிக் கொடுத்ததோ என்னவோ.

இரண்டு டேக்கையும் வெட்டி ஒட்டவும் வழியில்லை. மைக் இடம் மாறிவிட்டால் ஆலயத்தின் ஒலியே மாறிவிடும், ஒட்டிய இடத்தில் கொயர் சட்டென்று பின்னால் போனது போலத் தெரியும். இரண்டே மைக்கில் பதிந்ததால் ஒருவர் குரலை மட்டும் பின்னர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எது வேண்டுமோ அதை முழுசாக எடுக்க வேண்டும். நான் இரண்டாவதை அனுப்பினேன். கொயர் மாஸ்டருக்கு ரொம்பத் திருப்தி. கேட்டவர்களும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

இப்போதெல்லாம் கொயர் பதிவு என்றால் முதலில் ஸ்டாண்டைத் தாழ்வாக வைத்து ஒரு சரணத்தையாவது பதிந்து கேட்கிறேன். முன்வரிசையில் யார், எதை, எப்படிப் பாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. தெரிந்த பிறகும் பெரும்பாலும் ஸ்டாண்டை மேலே ஏற்றத்தான் செய்கிறேன்.