நேராக இருக்கிறதா என்று கேட்டார்

"ரெண்டும் நேரா இருக்கா தம்பி?" என்றுதான், மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் உள்ள இரண்டு பைப்பையும் பற்றி வண்டிக்காரர் கேட்டார். "தாராளமா ஓடும் ஐயா" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அறுபது வயதைத் தாண்டிய வண்டி. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அவரே கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பிரிங், டேம்பர் ராடு எல்லாம் நன்றாகவே இருந்தன. இடது பைப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டும்போதுதான், ஓரிடத்தில் அடியில் நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்து மறைந்தது. மறுபடி உருட்டினேன். அதே இடம். பைப்பைத் தாங்கும் வி வடிவக் கட்டையில் (வி-பிளாக்) ஏற்றி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தேன். ஒரு சுற்றுக்கு முள் 0.5 மி.மீ. ஆடியது. அதில் பாதிதான் உண்மையான வளைவு, அதாவது 0.25. பின்னாளில் வந்த வண்டிகள் பலவற்றின் கையேட்டில் எல்லை 0.2 என்று போட்டிருக்கும். தாண்டியது 0.05 மி.மீ., ஒரு தலைமுடி கனத்தைவிடக் குறைவு.

அந்தக் கணக்கைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். வளைவு இருந்ததும் இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ் டி-க்குச் சற்றுக் கீழே. ஃபோர்க் அடிவரை அமுங்கினால்தான் பைப் நுழைந்து ஓடும் கீழ்க்குழாயான பாட்டத்தின் வாய் அங்கே எட்டும். அழுத்தும் மிஷினான பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்தியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பைப்பை இதற்கு முன் யாராவது நிமிர்த்தியிருக்கிறார்களா என்று தெரியாமல் எப்படிக் கை வைப்பது? விரிசல் விட்டால் பழையதும் போச்சு. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். அவரிடம் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

சரி, மாட்டினேன். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு கிழியாமல் இருக்க, பைப்பின் விளிம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, எண்ணெய் தடவி மெல்ல இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆயில். ஆக்ஸிலை முறுக்கி, கிளாம்ப் நட்டை மட்டும் தளர்வாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கினேன். அப்படிச் செய்தால்தான் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் நிற்கும். முதலிலேயே இறுக்கிவிட்டால் ஃபோர்க் தடையில்லாமல் ஓடாமல் சிக்கிப் பிடிக்கும். இதிலோ தளர்வாக விட்டும் மேலே வரும்போது ஒரு கணம் நின்று வந்தது.

டி-யைத் தளர்த்தி, இடது பைப்பைக் கால் சுற்று திருப்பினேன். பக்கவாட்டில் இருந்த வளைவு முன்பக்கம் பார்த்து நின்றது. இறுக்கி அமுக்கினேன். நழுவிக்கொண்டு போய் நழுவிக்கொண்டு வந்தது. அந்த நேரம் உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் வளைவை எடுக்கவில்லை, அது பார்க்கும் திசையைத்தான் மாற்றினேன். அவர் வந்து கேட்டபோது கையில் அந்த வழுக்கலான அசைவுதான் நின்றது. வாயில் "ஓடும்" என்று வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் "இருக்கட்டும் தம்பி, மாட்டிடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார் என்று தோன்றும். அப்புறம், அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தானே என்றும் தோன்றும். வண்டியில் ஏறிப் போகிறவர் அவர்.

சில மாதம் கழித்து செயின் டைட் வைக்க வந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து இடது பைப்பைச் சீலுக்கு மேலே விரலால் துடைத்துப் பார்த்தேன். லேசாக எண்ணெய்ப் பசை. அந்த அளவு எல்லா வண்டியிலும் இருக்கும். வலது பக்கமும் துடைத்துப் பார்த்தேன்.

"என்ன தம்பி, ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லை ஐயா, நல்லாத்தான் இருக்கு."