பச்சை விழுந்தது, கியர் விழவில்லை

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பச்சை விழுந்தது. கியர் விழவில்லை. கிளட்சைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு முதல் கியருக்குத் தள்ளுகிறேன்; உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி நிற்கிறது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை எடுக்கவே இல்லை. பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “என்ன சார், இங்கயே குடித்தனமா?” என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து இருக்கையில் அப்பா இருந்தார். 31 வருடம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணில்தான் புரை, காதில் ஒரு குறையும் இல்லை. கியர் ‘கர்ர்ர்’ என்ற ஒவ்வொரு தடவையும், அபஸ்வரம் கேட்ட சபா ரசிகர் மாதிரி லேசாக முகத்தைச் சுளித்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

“ஆஃப் பண்ணு.”

பண்ணினேன்.

“இப்பப் போடு.”

பல்லாங்குழியில் சோழி விழுகிற மாதிரி விழுந்தது. “கியர்லயே ஸ்டார்ட் பண்ணு” என்றார். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளிக் கிளம்பியது.

“கியர் பாக்ஸ்ல ஒண்ணும் பெருசா இல்ல. கிளட்ச் விடல” என்றார் அப்பா. அவ்வளவுதான் நோய்க்குறிப்பு. இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் இன்ஜினை முழுசாக விட்டு விலகவில்லை என்று பொருள். நின்றிருக்கும்போதும் விழவில்லை என்றால்தான் கியர் கேபிள், ஃபோர்க், பாக்ஸ் என்று உள்ளே போக வேண்டும்.

நான் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி, “நேத்து வரைக்கும் விட்ட கிளட்ச் இன்னிக்கு ஏன் விடல?” என்றுதான் வரும்.

நேற்று நடந்தது இது. ‘ஸ்ரீபெரும்புதூர்ல ஃப்ரெண்ட் வீட்டுக் கிரகப்பிரவேசம்’ என்று சொல்லிவிட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டியைத் திருப்பிவிட்டேன். தங்கை மகன் செய்த வேலை. “மாமா, அவங்கவங்க சொந்த வண்டியவே கொண்டுவந்து ஓட்டலாமாம்” என்று ஒரு வாரமாகக் கிளப்பிவிட்டிருந்தான். அங்கே அன்றைக்கு ‘டிராக்’ (drag) ரேஸ்; அதில் வளைவே கிடையாது. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்க்கோடு. வளைவு இல்லாததால் திறமையும் தேவைப்படாது என்று நம்பிவிட்டேன்.

என்னுடையது ஒன்பது வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. காய்கறி வாங்கப் பிறந்தது. அதை 5,000 ஆர்பிஎம்மில் அலறவிட்டு, கிளட்சிலிருந்து காலைப் பாதி எடுப்பதும், மனசு மாறி மறுபடி மிதிப்பதும், பிறகு பொசுக்கென்று விடுவதுமாக நான்கு தடவை ஓட்டினேன். இரண்டாவது தடவையே கருகின வாசனை. பக்கத்து வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வண்டிக்காரர் பார்த்த பார்வையில் அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. முதலிலிருந்து இரண்டாவது கியருக்குத் தேர்வடம் இழுக்கிற மாதிரி இழுத்தேன்.

சிறந்த நேரம் 18.7 வினாடி என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு கருணை உண்டு. கடிகாரம் ஓட ஆரம்பிப்பது பச்சை விளக்கு எரியும்போது அல்ல, வண்டி கோட்டைவிட்டு நகரும்போதுதான். விளக்கைப் பார்த்துத் திகைத்து நிற்கிற நேரம் ‘ரியாக்‌ஷன்’ என்று தனி வரியில் வரும். அந்த வரியை மட்டும் உள்பக்கமாக மடித்துப் படம் எடுத்து மைத்துனர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். மாலையில் மெக்கானிக்கிடம் தனியாகப் போனேன்.

“என்ன சார் பண்ணீங்க வண்டிய?”

“ஒண்ணும் பண்ணலண்ணே. ஆபீஸ், வீடு, கோயில்.”

கோயிலைச் சேர்த்தது கொஞ்சம் அதிகம்தான். டாக்டரிடம் பொய் சொன்னால் மருந்து மாறும். கோயிலுக்குப் போகிற வண்டியின் கிளட்ச் ராத்திரியோடு ராத்திரியாகக் கெடாது என்று அவர் நியாயமாக யோசித்து, கியர் ஆயிலைச் சந்தேகப்பட்டார். கீழே படுத்து ஆயிலை வடித்தார். அதில் தங்கத் தூள் மாதிரி என்னவோ மின்னியது. காந்தத்தை நீட்டினார், ஒட்டவில்லை. விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பித்தளை. கியர்கள் மாறும்போது இரண்டு பக்க வேகத்தையும் சமன்செய்து சேர்த்து வைக்கிற சிங்க்ரோ ரிங்கின் உடம்பிலிருந்து உதிர்ந்தது.

“சார்,” என்றார், “இது எந்தக் கோயில்?”

நான் பதில் சொல்லவில்லை. புது ஆயிலுக்குப் பிறகும் கியர் முதல் மாதிரியே முறைத்தது. பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார். யோசிக்க ஒரு நாள் கேட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து அப்பாவும் கூடவே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை நான்கு தடவை மடமடவென்று மிதித்தார். கியர் விழுந்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கொஞ்சம் பொறுத்து ஒரே மிதியில் போட்டுப் பார்த்தார், விழவில்லை. “காத்து. லைன்ல காத்து பூந்திருக்கு” என்றார். மெக்கானிக் டார்ச்சோடு கீழே போனார். பாக்ஸை ஒட்டியிருக்கும் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. மேலே டப்பாவில் இருந்த கிளட்ச் ஆயில், அதாவது பெடலில் மிதிக்கிற மிதியைக் குழாய் வழியே கிளட்சுக்குக் கொண்டுபோகிற ஆயில், வரக்காப்பி நிறத்தில் இருந்தது. வாங்கியதிலிருந்து மாற்றாதது.

இந்த ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். டாட் 4 ரகம் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 155-லேயே கொதிக்கலாம். ஒன்பது வருட ஈரத்தோடு, அரை கிளட்சில் நான் வறுத்தெடுத்த சூடும் சேர, ஏற்கெனவே வயதான ரப்பர் கையை விரித்துவிட்டது. கசிந்த வழியே காற்று உள்ளே போய்விட்டது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. நான் மிதித்த மிதியில் பாதி அந்தக் காற்றை அமுக்கவே செலவாகியிருக்கிறது.

புது சிலிண்டர், புது ஆயில். ஏர் எடுக்கும்போது பெடல் மிதிக்கிற பதவி எனக்கு. “அமுக்குங்க... பிடிங்க... விடுங்க” என்று முக்கால் மணி நேரம். வேறு செலவில்லை. முதல் கியரும் ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தன. இரண்டாவது கியர் மட்டும் அவசரப்பட்டால் இன்னமும் ‘கர்ர்’ என்கிறது. பித்தளை போனது போனதுதான். “டபுள் கிளட்ச் அடிச்சு ஓட்டு, பழகிடும்” என்றார் அப்பா. நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். சிங்க்ரோ இல்லாத பழைய பஸ்களில் அவர் நாளெல்லாம் செய்தது.

அந்த நேரத்தில்தான் பெடலுக்கு அடியில் கால்மிதியைச் சரிசெய்த பையன், “பெரியவரே, ஏதோ பில்லு” என்று மடித்த சீட்டு ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். நான் பாய்ந்திருக்கலாம். கையெல்லாம் ஆயில்.

அப்பா அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, புரை விழுந்த கண்ணால் நிதானமாகப் படித்தார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“சோழவரத்துல ஏரோப்ளேன் ஓடுபாதையில ரேஸ் நடக்கும். லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்தவன்டா நான்” என்றார். திட்டுவதற்கு முன்னுரையா, பாராட்டுக்கா என்று தெரியவில்லை. பிறகு, நான் உள்பக்கமாக மடித்திருந்த அந்த வரியை நகத்தால் பிரித்தார்.

“ரியாக்‌ஷன் 1.9” என்று வாய்விட்டுப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பச்சை விழுந்தும் ரெண்டு செகண்டு என்னடா பண்ணிட்டிருந்தே?”