மருந்துக்கு முன்பே அங்கே ஒரு தாளம் இருக்கிறது

மருந்தியல் ஆய்வகத்தில் நான் அதிகம் பழகியது முயலின் சிறுகுடல் துண்டோடுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். டைரோடு கரைசலை (உடல் திரவத்தை ஒத்த உப்புக்கரைசல்) 37 டிகிரி சூட்டில் வைத்து, ஆக்சிஜன் கலந்த வாயுவை அடியிலிருந்து குமிழ்விட்டு, துண்டை நூலால் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சுருங்கி விரியும். அந்த அசைவைப் பதிவுக்கருவி கோடாக வரையும். மூளையின் தொடர்பு இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. ஜெர்மானியரான ருடால்ஃப் மேக்னஸ் 1904-இல் கையாண்ட முறையின் வழிவந்ததுதான் இது.

புதிதாக வரும் மாணவர்களுக்கு மருந்தை ஊற்றிவிட வேண்டும் என்ற அவசரம். நான் விடமாட்டேன். அரை மணி நேரமாவது திசு நிலைப்பட வேண்டும். இடையிடையே கரைசலை மாற்ற வேண்டும். துடிப்பின் உயரமும் வேகமும் ஒரே சீராக வந்த பிறகுதான் முதல் துளி. அந்தத் துண்டுக்காக ஓர் உயிர் போயிருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் பதிவு அரைகுறையாக இருப்பதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை.

அட்ரினலின் விழுந்ததும் துடிப்பு தாழ்ந்து தசை தளரும். கழுவினால் விரைவில் மீளும். நரம்புகள் தசைக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் விழுந்தால் இறுக்கம் கூடிக் கோடு மேலே ஏறும். இவ்விரண்டும் யாரையும் வியக்க வைப்பதில்லை. கேள்வி எழுவது அட்ரோபினில்தான். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து ஆயிற்றே, குடல் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். நிற்காது. அசிட்டைல்கோலினை மறுபடி சேர்த்தால் கோடு ஏறாது, ஆனால் பழைய தாளம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நரம்புகளை முடக்கும் டெட்ரோடோடாக்சினாலும் அதை நிறுத்த முடியாது.

ஏனென்றால் தாளம் நரம்பிலிருந்து வரவில்லை. தசை அடுக்குகளுக்கு இடையே காஹல் இடைச்செல்கள் என்றொரு வலைப்பின்னல் உண்டு. அவை மெதுவான மின் அலைகளை எழுப்பித் தசைக்குக் கடத்துகின்றன. மனிதரின் இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 அலைகள், முன்சிறுகுடலில் 12 அளவில். ஒவ்வோர் அலையும் சுருக்கமாக மாறுவதில்லை. அலையின் உச்சியில் கால்சியம் வாயில்கள் திறந்து, போதுமான கால்சியம் உள்ளே வந்தால்தான் தசை சுருங்கும். எத்தனை முறை சுருங்கலாம் என்பதற்கு அலை எல்லை போடுகிறது. எவ்வளவு பலமாக என்பதை நரம்பும் ஹார்மோனும் மருந்தும் கூட்டிக் குறைக்கின்றன.

இதைக் கண்ணால் காட்ட, கால்சியம் சேர்க்காத டைரோடு கரைசலை ஊற்றுவேன். துடிப்பு மங்கி அடங்கும். கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்தால் மீண்டும் எழும். அடுத்தது கால்சியம் வாயில்களை அடைக்கும் நிஃபெடிபின். அது ஒளி பட்டால் சிதையும், அதனால் புட்டியைத் தாள் சுற்றித்தான் வைப்போம். கரைசலில் கால்சியம் இருந்தும் சுருக்கம் நின்றுவிடும், கோடு கிடையாக ஓடும். மின்முனை வைத்துப் பார்த்தால் மெதுவான அலைகள் பெரும்பாலும் அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்.

கினிப்பன்றியின் பின்சிறுகுடல் பெரும்பாலும் அசையாமல் இருக்கும். மருந்தளவுக்கேற்ற விளைவை அளக்க அதுதான் வசதி. ஆனால் கற்றுக்கொடுக்க முயலின் குடலுக்கு ஈடில்லை என்பது என் கருத்து. மருந்து எந்தப் படியில் கைவைக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அதுதான் மாணவர்களுக்கு உண்டாக்கியது. இதயத்துக்காக வெரபமில் உட்கொள்பவருக்கு ஏன் மலச்சிக்கல் வருகிறது, குறைமாதப் பிரசவ வலியைத் தள்ளிப்போட ஏன் நிஃபெடிபின் கொடுக்கிறார்கள் என்று பிறகு வகுப்பில் கேட்டால், கால்சியம் வாயில் என்ற பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.