உளவாளி ஒளிஞ்ச ஊரும் நம்ம ஆச்சார்யாவும்: தாஷ்கண்ட், காகான், புகாரா

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் போற இந்தியாக்காரங்க எல்லாரும் பாக்குறது சாஸ்திரி சிலையும் சோர்சு பஜாரும் தான், அதை ரெண்டையும் நாங்க முதல் நாளே முடிச்சிட்டோம். கூட வந்த மச்சானுக்கு புலாவ் போதும், சுடச்சுட நான் ரொட்டி போதும். எனக்கு இந்த ஊர்ல வேற ஒரு வேலை இருந்துச்சு. 1918ல இருந்து 1921 வரைக்கும், ரஷ்யப் புரட்சி முடிஞ்ச கையோட, பிரிட்டிஷ் உளவாளி பெய்லியும் சென்னைக்காரர் ஆச்சார்யாவும் வந்து போன இந்த ஊர்ல யார் யாரை வேவு பாத்தாங்கன்னு படிச்சுப் படிச்சு ரொம்ப நாளா ஒரு கிறுக்கு.

கதை இதான். 1917ல ஜார் போயாச்சு, தாஷ்கண்ட்ல ரயில்வே தொழிலாளிகளும் சிப்பாய்களும் சேந்து சோவியத் ஆட்சி அமைச்சுட்டாங்க, ஆனா மாஸ்கோவுக்குப் போற ரயில் பாதையை ஓரன்பர்க் பக்கத்துல புரட்சிக்கு எதிரான கொசாக் குதிரைப்படை மறிச்சுட்டதால இந்த ஊர் தனித்தீவு மாதிரி ஆயிடுச்சு. உள்ள என்ன நடக்குதுன்னு சிம்லால உக்காந்திருந்த வெள்ளைக்காரனுக்கு ஒண்ணும் தெரியலை. தெரியாதப்ப தானே பயம் ஜாஸ்தி ஆகும். துருக்கிஸ்தான்ல (தாஷ்கண்டைச் சுத்தி இருந்த ரஷ்ய மத்திய ஆசியா) பல பத்தாயிரம் ஆஸ்திரிய ஜெர்மன் போர்க்கைதிங்க இருந்தாங்க, காவலுக்கு ஆளில்லாம கேம்ப் எல்லாம் திறந்து கிடந்துச்சு, அவங்க கைல துப்பாக்கி வந்து ஆப்கானிஸ்தான் வழியா இந்தியாவுக்குள்ள இறங்கிட்டா? இங்க குவிஞ்சு கிடந்த பருத்தி ஜெர்மனிக்குப் போய் வெடிமருந்து ஆயிட்டா? இந்த ரெண்டு கேள்விக்காக சாம்ராஜ்யம் ரெண்டு காதைத் தீட்டி வெச்சுது, ஒண்ணு சீனாவோட காஷ்கர்ல இருந்த கான்சலேட், இன்னொண்ணு பாரசீகத்துல மஷாத்ல ஜெனரல் மாலெசன் ஆபீஸ்.

காஷ்கர் பக்கம் இருந்து 1918 ஆகஸ்ட்ல வந்தவர் தான் ஃபிரெடரிக் மார்ஷ்மன் பெய்லி. திபெத் பாஷை தெரிஞ்ச ஆள், 1913ல சாங்போ ஆத்து மலையிடுக்குல நடந்தே போனவர், பட்டாம்பூச்சி பைத்தியம். கூட பிளாக்கர்னு இன்னொரு ஆபீசர். நாங்க நல்லெண்ணத்தோட பேச வந்திருக்கோம்னு சொல்லிட்டு ரெஜினா ஹோட்டல்ல தங்குறாங்க. இதுல கூத்து என்னன்னா, அதே மாசம் மாலெசன் அனுப்பின இந்தியப் படை துருக்மெனிஸ்தான் பக்கம் காகா ஸ்டேஷன் கிட்ட தாஷ்கண்ட் ஆட்சியோட போல்ஷெவிக் படையைச் சுட்டுக்கிட்டு இருந்துச்சு, அதுவும் இவங்களுக்கு யாரும் சொல்லலை! அந்தப் பக்கம் குண்டு, இந்தப் பக்கம் கைகுலுக்கல். தாஷ்கண்ட்காரங்க சந்தேகப்படாம என்ன செய்வாங்க. பிளாக்கர் காஷ்கருக்குத் திரும்பிட்டார், பெய்லி மட்டும் அக்டோபர்ல ஆஸ்திரியக் கைதி வேஷத்துல மறைஞ்சுட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல. கைதிங்களோட அடையாளப் பேப்பரை வாங்கி வாங்கி பேரை மாத்திக்கிட்டே இருந்திருக்கார், ஒரு நாள் ஹங்கேரி சமையல்காரர், இன்னொரு நாள் ருமேனியா வண்டிக்காரர். ஊர்ல பாதிப் பேர் அந்த நிலைமை தான், எல்லார் பாக்கெட்லயும் வேற எவனோட பேப்பரோ இருக்கும். 1919 ஜனவரில போர் கமிஸார் (சோவியத் ஆட்சியில அமைச்சர் மாதிரி) ஒசிபோவ் கிளர்ச்சி பண்ணி 14 கமிஸார்களைக் கொன்னதும், அடக்குறோம்னு அரசாங்கம் ஆடின ஆட்டத்துல செத்தவங்க ஏராளம். அதுலயும் இந்த மனுஷன் தப்பிச்சிருக்கார்.

அந்தத் தாஷ்கண்டை இப்ப பாக்கணும்னா கொஞ்சம் கஷ்டம், 1966 ஏப்ரல் பூகம்பத்துல பழைய ஊர்ல பெரும்பகுதி விழுந்துடுச்சு. சயில்கோ தெருவுல ஜார் குடும்பத்து நிக்கொலாய் இளவரசரோட செங்கல் மாளிகை மட்டும் கம்பீரமா நிக்குது, கேட்டுக்கு வெளிய நின்னு தான் பாத்தோம். மெட்ரோ ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் அரண்மனை, அதுக்குள்ள போட்டோ எடுக்க 2018 வரைக்கும் தடை இருந்துச்சு, அணுகுண்டு விழுந்தா ஒளியுற இடமாம். இப்ப சின்னப் பசங்க ரீல்ஸ் எடுக்குறாங்க. நாம ஹோட்டல்ல தங்குனா பேரைப் பதிவு பண்றது மட்டும் இன்னும் உண்டு.

அஃப்ரோசியாப் ரயில்ல ஏறினா நாலு மணி நேரத்துல புகாரான்னு போர்டு போட்ட ஸ்டேஷன். ஆனா இறங்குற இடம் புகாரா இல்லை, காகான். புகாரா இன்னும் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அந்தக் காலத்துல புகாராவை ஆண்ட அமீர் இந்தப் புகைவண்டி பிசாசு என் ஊர் கிட்ட வரக்கூடாதுன்னுட்டாராம். ஸ்டேஷனுக்கு வெளிய டாக்ஸிக்காரங்க நாலு பக்கமும் சூழ்ந்துக்கிட்டு "ஹிந்துஸ்தான்? ஷாருக்கான்?"னு கத்துறாங்க, மச்சான் பேரம் பேசிட்டு இருந்தான், நான் பிளாட்ஃபார்ம் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன். "என்ன மச்சான், ட்ரெயின் போயாச்சு, இன்னும் யாரைத் தேடுற?"ன்னான். சொன்னா நம்புவானா.

1919 அக்டோபர்ல பெய்லி இங்க வந்து இறங்கினப்ப அவர் சேகாவோட ஆளு. ஆமா, போல்ஷெவிக் ரகசிய போலீஸ்! மாண்டிச்னு ஒரு செர்பியாக்காரர் சேகால இருந்தார், அவர் மூலமா பெய்லி, அல்பேனியாக்காரர் ஜோசப் கஸ்தமூனின்னு பேர் வெச்சுக்கிட்டு வேலைக்குச் சேந்துட்டார். புகாராவுக்குள்ள போய் உளவு பாக்க எவனும் வரமாட்டேங்குறான், முன்னாடி போனவங்களை எல்லாம் அமீரோட ஆளுங்க பிடிச்சுக் கொன்னுட்டாங்க, அதனால நான் போறேன்னு ஒருத்தன் வந்ததும் கேள்வியே கேக்காம எடுத்துக்கிட்டாங்க. காகான்ல இருக்கும்போதே தாஷ்கண்ட்ல இருந்து தந்தி வருது, ஆங்கிலோ இந்திய கர்னல் பெய்லி பத்தி உனக்குத் தெரிஞ்ச தகவல் எல்லாம் அனுப்புன்னு. தந்தி வந்தது பெய்லிக்கே!

புகாரா ஆர்க் கோட்டைக்குப் பின்னாடி ஜிந்தான் சிறை இருக்கு, அதுல கைதிகளைப் போட்ட பூச்சிக் குழியை எட்டிப் பாத்தா அடியில ரெண்டு பொம்மை உக்காந்திருக்கும், மேல இருந்து டூரிஸ்ட் காசு போடுறாங்க. ஸ்டாட்டர்ட், கொனலின்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆபீசர்களை 1842ல இந்த ஊர் அமீர் தலையை வெட்டினார். அதெல்லாம் தெரிஞ்சும் பெய்லி உள்ள போனார்னா தைரியம் தான், ஒத்துக்கணும். இங்க அவருக்கு அவல் நூர், கல்பி முகமதுன்னு இந்திய ராணுவத்தோட கைட்ஸ் ரெஜிமென்ட் ஆளுங்க ரெண்டு பேர் கிடைச்சாங்க, அவங்க ஏற்கனவே தூதா வந்து மாட்டிக்கிட்டு இருந்தவங்க. எல்லாரும் சேந்து டிசம்பர் குளிர்ல காராகும் பாலைவனத்தைத் தாண்டி, கடைசியில எல்லை ஆத்தங்கரையில துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவுல 1920 ஜனவரில பாரசீகம் சேந்தாங்க. பெய்லி பேரு எல்லா உளவுக் கதையிலும் வருது, அந்த ரெண்டு பேர் பேரு அடிக்குறிப்புல தான்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இவ்ளோ பாடுபட்டு வெளிய வந்தப்ப கையில இருந்த தகவல் எதுக்கு உதவுச்சு? உலகப்போர் 1918 நவம்பர்லயே முடிஞ்சாச்சு, பருத்தியும் கைதிகளும் பழைய கதை. அவர் உயிரோட வந்தது தான் சாதனை, உளவு இல்லை. காரியம் சாதிச்ச உளவு வேற மாதிரி இருந்துச்சு, அதுக்கு வேஷமும் கிடையாது, ஒட்டகமும் கிடையாது, மேஜை, சம்பளம், காட்டிக்குடுக்கிறவன் அவ்ளோ தான். அதுல மாட்டினது நம்ம ஆளுங்க.

புகாராவுல இருந்து தாஷ்கண்டுக்குத் திரும்பி வர்ற ரயில்ல மச்சானுக்கு இதைத் தான் சொல்லிட்டு வந்தேன். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சார்யா, 1887ல சென்னையில பிறந்தவர், பாரதியாரோட இந்தியா பத்திரிகை பாண்டிச்சேரிக்குத் தப்பிப் போனதுல இவருக்கும் பங்கு உண்டு. அப்புறம் லண்டன், பெர்லின், மாஸ்கோ, காபூல்னு சுத்தி, 1920ல ஆப்கான் அமீர் வெளிய போன்னதும் தாஷ்கண்ட் வந்து சேந்தார். பெய்லி ஒளிஞ்சு திரிஞ்ச அதே ஊர், அவர் தப்பிச்சு ஒரு வருஷம் கூட ஆகலை. அக்டோபர் 17ம் தேதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சின்னு ஏழு பேர் கூடினாங்க, வங்காளப் புரட்சிக்காரர் எம்.என்.ராய், அவர் மனைவி எவலின், முகர்ஜி, அவர் மனைவி ரோசா, ரெண்டு முஸ்லிம் இளைஞர்கள், நம்ம ஆச்சார்யா. கிலாஃபத்துக்காக (துருக்கி கலீஃபா பதவியைக் காப்பாத்த) ஊரை விட்டு நடந்தே வந்த முஹாஜிர் பசங்களுக்கு ராணுவப் பள்ளியும் திறந்தாங்க.

ராயோட சண்டை போட்டு ஆச்சார்யா சீக்கிரமே வெளிய தள்ளப்பட்டார், அது தனிக் கதை. பள்ளிக்கூடம் எப்படி மூடிச்சு? 1921 மார்ச் 16ல பிரிட்டனும் சோவியத்தும் வியாபார ஒப்பந்தம் போட்டாங்க, அன்னிக்கே தாஷ்கண்ட்ல இந்தியாக்காரங்க என்ன பண்றாங்கன்னு புகார்க் கடிதமும் குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல கதவு சாத்தியாச்சு. அந்த ருசியில செப்டம்பர்ல பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் இன்னொரு கண்டனம் அனுப்பினார், அதுல இருந்த தகவல் பாதி எவனோ புனைஞ்சு வித்த டுபாக்கூர், மாஸ்கோகாரங்க வரிவரியா கிழிச்சாங்க. ஆனா அந்த அவமானத்துக்கு லண்டன்ல ஒருத்தரும் ஜெயிலுக்குப் போகலை. பாமீர் மலை ஏறி ஊர் திரும்பின பசங்க தான் பிடிபட்டு, 1922ல இருந்து 1927 வரைக்கும் பெஷாவர்ல வரிசையா கேஸ், இந்திய தண்டனைச் சட்டம் 121ஏ, சக்கரவர்த்தியோட ஆட்சியைப் பறிக்க சதி பண்ணாங்களாம்.

மச்சான் பாதியில தூங்கிட்டான். ஆச்சார்யா பெர்லின்ல அனார்கிஸ்ட் (அரசாங்கமே வேண்டாம்ங்கிறவர்) ஆகி, 1935ல தான் பம்பாய் திரும்ப முடிஞ்சுது, 1954ல அங்கேயே இறந்தார். ஐரோப்பாவுல அவரைப் பின்தொடர்ந்து எழுதின உளவு ஃபைல் இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, யார் வேணா கேட்டு வாங்கிப் படிக்கலாம். லண்டன் விசா ஃபீஸ் பாத்தா தான் மயக்கம் வருது.