முட்டை போடுற கோழிதான் ரொம்ப பாவம்

மெட்ராஸ்ல வாடகை வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு ஒரு ஏணி நல்லா தெரியும். மேல் படில சுத்த சைவம், அதுக்கு கீழ முட்டை மட்டும், அப்புறம் சிக்கன், அப்புறம் மட்டன், மீன், கடைசி படில பீஃப். ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் பேசுறதுக்கு முன்னாடி கேட்குற கேள்வியே அதுதான், நீங்க எந்த படின்னு. இந்த ஏணி சாதிலேர்ந்து வந்ததுங்கிறது ஊருக்கே தெரியும். அதனாலதான் இங்க யாராவது மிருகவதை பத்தி பேச ஆரம்பிச்சாலே, நம்மள மட்டம் தட்ட வந்துட்டாங்கன்னு கறி சாப்பிடுறவங்களுக்கு தோணுது, அப்படி தோணுறதுல தப்பே இல்ல, அத்தனை வருஷம் பட்டிருக்காங்க.

நான் கறி சாப்பிடுறவன். அதை விட்டுடுங்கன்னு சொல்ல வரல. ஆனா அந்த ஏணியை தூக்கிப்போட்டுட்டு, உயிரோட இருக்குறப்ப அந்த மிருகம் எவ்ளோ கஷ்டப்பட்டுச்சுங்கிறதை மட்டும் வச்சு திரும்ப அடுக்கி பாத்தா, கிட்டத்தட்ட தலைகீழா வருது. முட்டை அடியில போய் நிக்குது.

ஆட்டை எடுத்துக்கோங்க. புளியந்தோப்புல ஆடு அறுக்குற ஆட்டுத்தொட்டிக்கு லாரில வர்ற ஆடு கடைசி ரெண்டு மூணு நாள் படுறது கொடுமைதான், நிக்க இடம் இல்லாம, தண்ணி இல்லாம, ஒண்ணு மேல ஒண்ணு, அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அது ஆடா இருந்திருக்கு. மேய்ஞ்சிருக்கு, வேலி தாண்டிருக்கு, குட்டியா துள்ளிருக்கு. பீஃபும் இங்க கடைக்கு வர்றது பெரும்பாலும் உழவுக்கோ பாலுக்கோ வச்சிருந்து வயசானதுங்கதான். பால் வேற பீஃப் வேறன்னு நாம நினைச்சுக்குறோம், ஒரே தொழிலோட ரெண்டு பக்கம் அது. பசு கன்னு போட்டாதான் பால், அதுல பாதி காளைக்கன்னு, டிராக்டர் வந்தப்புறம் ஜெர்சி கலப்பு காளைக்கன்னுக்கு ஒரு வேலையும் கிடையாது, அது எங்க போகுதுன்னு காலைல ஃபில்டர் காபி குடிக்கிற நம்ம யாரும் கேட்குறதில்ல.

2017 ஜனவரில ஜல்லிக்கட்டுக்காக மெரினால நானும் நின்னேன். காளையை பிள்ளை மாதிரி வளர்க்குறோம்னு அத்தனை பேர் சொன்னாங்க, அது பொய் இல்ல, அப்படி வளர்க்குறவங்க வீட்டை பாத்திருக்கேன். அந்த பாசத்துல ஒரு துளி கூட கோழிக்கு போய் சேரலையேங்கிறதுதான் என் ஆதங்கம்.

பிராய்லர் கோழி ஆறு வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேல போயிடும். கால் எலும்பு அந்த வெயிட்டுக்கு ரெடியாகவே இல்ல, அதனால கடைசி வாரத்துல நிறைய கோழி நடக்குறதை விட உக்காந்திருக்குறதுதான் ஜாஸ்தி. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி அளவுக்குதான் இடம். பல்லடம் பக்கம் வளர்க்குற விவசாயிக்கும் இதுல பெருசா ஒண்ணும் மிஞ்சுறதில்ல, குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, ஷெட்டும் கரண்ட் பில்லும் உழைப்பும் இவரோடது, கிலோவுக்கு சில ரூபா வளர்ப்புக்கூலி. அந்த கூலியை ஏத்தி குடுங்கன்னு அவங்களும் அப்பப்ப போராடிக்கிட்டுதான் இருக்காங்க.

ஆனா பிராய்லருக்காவது ஆறு வாரத்துல முடிஞ்சிடுது. முட்டைக்குன்னே வளர்க்குற லேயர் கோழிக்கு அப்படி இல்ல. நாமக்கல் பக்கம் ஃப்ரெண்டோட அண்ணன் பண்ணைக்கு ஒரு தடவை போனேன். உயரமா தூக்கி கட்டின ஷெட், ரெண்டு பக்கமும் வரிசையா கம்பிக்கூண்டு, கீழ எச்சம் குவிஞ்சு கிடக்கு, உள்ள போன ரெண்டு நிமிஷத்துல கண்ணு எரியுது. நாம வெளிய வந்துடலாம். ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர்னு ரொம்ப வருஷமா இந்த தொழில்ல ஒரு கணக்கு, ஒரு ஏ4 பேப்பர் 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல வரும், அப்ப அந்த பேப்பர்ல முக்கால் பாகத்துல அது வாழ்க்கை முழுக்க நிக்கணும். ரெக்கையை முழுசா விரிக்க முடியாது. முட்டை உருண்டு முன்னாடி வரணும்னு அடிக்கம்பி சரிவா இருக்கும், அதனால கூண்டுக்குள்ள போனதுலேர்ந்து சமமான தரைல அது கால் வைக்கிறதே கிடையாது. ஒண்ணை ஒண்ணு கொத்தாம இருக்க குஞ்சா இருக்குறப்பவே அலகு நுனியை வெட்டிடுறாங்க. 20 வாரத்துல முட்டை போட ஆரம்பிச்சு, வருஷத்துக்கு 300 முட்டை பக்கம் போட்டு, ஓட்டுக்கு வேணுங்கிற சுண்ணாம்புச்சத்துல ஒரு பங்கு அதோட சொந்த எலும்புலேர்ந்தே போய், 72லேர்ந்து 80 வாரத்துல கழிச்சு கறிக்கு அனுப்பிடுறாங்க. கழிச்ச கோழியை தூக்குறப்ப எலும்பு முறியுறது சாதாரணம்.

கிராமத்துல கோழி வளர்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எங்க ஆயா வீட்டுல முட்டை போடுற நேரம் வந்தா கோழி ஒரு மாதிரி கேறிக்கிட்டே சுத்தும், வைக்கோல்போர் சந்து, பழைய கூடை, அரிசி மூட்டை பின்னாடின்னு மறைவா ஒரு இடம் தேடும், கிடைக்கிற வரைக்கும் அமைதியாகாது. மத்தியானம் குழி பறிச்சு மண்ணுல புரளும். கூண்டுக்கோழிக்கும் இதெல்லாம் உள்ள அப்படியே இருக்கு, அந்த தவிப்பு தினம் வருது, மறைய இடம்தான் இல்ல.

சின்ன வயசுல திருவிழால பச்சை, ரோஸ் கலர்ல சாயம் அடிச்ச கோழிக்குஞ்சு வாங்கினது ஞாபகம் இருக்கா? அதுல பெரும்பாலானது முட்டைக்கோழி இனத்து சேவல் குஞ்சுங்க. முட்டையும் போடாது, உடம்புல கறியும் பெருசா பிடிக்காது, அதனால பொறிச்ச அன்னைக்கே வேண்டாததாயிடுது. சாயம் அடிச்சு விக்காததுங்களை பொறிப்பகத்துலயே கொன்னுடுறாங்க. ஜெர்மனில 2022லேர்ந்து அப்படி கொல்றது சட்டப்படி கூடாது, குஞ்சு பொறிக்கிறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள ஆணா பொண்ணான்னு பாத்து பிரிச்சிடுறாங்க. வெறும் கம்பிக்கூண்டை ஐரோப்பிய யூனியன் 2012லயே ஒழிச்சாச்சு. முடியாத காரியம் இல்ல இது.

அந்த நாமக்கல் பண்ணை அண்ணன் நல்ல மனுஷன், நான் கேட்டதுக்கு கோவப்படல. "கூண்டை பெருசாக்குனா என் முட்டை மட்டும் விலை கூடும் தம்பி, அஞ்சு பைசா பத்து பைசாவுல ஓடுற யாவாரம் இது, அப்புறம் எவன் வாங்குவான்?"ன்னாரு. அவர் சொன்னதுல பொய் இல்ல. இங்க கடைல கூண்டில்லாம வளர்த்த முட்டைன்னு கேட்டா விலை ரெண்டு மடங்குக்கு மேல சொல்றாங்க (பழுப்பு ஓடுன்னா நாட்டு முட்டைன்னு நம்பிடாதீங்க, அது இனத்தோட கலர் அவ்ளோதான், பழுப்பு முட்டை போடுற கோழியும் கூண்டுல இருக்கு). நாங்க வீட்டுல அந்த முட்டைக்கு மாறிட்டோம், எண்ணிக்கையை குறைச்சிட்டோம். அதனால எல்லாரும் மாறுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஏன்னா எங்க அக்கா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல டீச்சர். சத்துணவுல வாரத்துக்கு 5 நாள் முட்டை குடுக்குறாங்க, வெள்ளையை சாப்பிட்டுட்டு மஞ்சக்கருவை வீட்டுல இருக்குற தம்பிக்கு எடுத்துட்டு போற பசங்க இருக்காங்கன்னு அவ சொல்லுவா. அந்த முட்டைல கை வைக்கணும்னு யாராவது மிருகநேயம் பேரைச் சொல்லி வந்தா நான் எதிர்த்துதான் நிப்பேன்.

மிருகவதை தடுப்புச் சட்டம் 1960ல வந்ததுக்கு காரணமா ஒரு மெட்ராஸ்காரங்க இருந்தாங்க, கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை ஆரம்பிச்ச ருக்மிணி தேவி. ராஜ்யசபால அவங்க விடாம பேசினதுதான் ஆரம்பம். திரும்பி அசைய இடம் இல்லாத கூண்டுல ஒரு மிருகத்தை அடைக்கிறது குத்தம்னு அந்த சட்டத்தோட 11வது பிரிவு தெளிவா சொல்லுது. முதல் தடவை மாட்டினா அபராதம் 10 ரூபாலேர்ந்து 50 ரூபா வரைக்கும். பைக் ஹேண்டில்ல கோழியை தலைகீழா கட்டி தொங்கவிட்டு போறதை தினம் பாக்குறோமே, வலிக்கிற மாதிரி கொண்டு போறதுக்கும் அதே பிரிவு, அதே 50 ரூபா. 2017ல சட்ட ஆணையம் முட்டைக்கோழியையும் கறிக்கோழியையும் பத்தி மட்டுமே தனியா ஒரு அறிக்கை குடுத்துச்சு, அதை பத்தி இங்க ஒரு டிவி விவாதம் கூட நான் பாக்கல. மாட்டுக்கறி பிரச்சனைன்னா மட்டும் ராத்திரி பூரா உக்காந்து பேசுறாங்க.

எனக்கு தோணுற வழி வேற. தமிழ்நாட்டுல முட்டையை மொத்தமா வாங்குற பெரிய கை அரசாங்கம்தான். சத்துணவு டெண்டர்ல முட்டை எத்தனை கிராம் இருக்கணும்னு கண்டிஷன் போடுறாங்க இல்ல, அதே மாதிரி கோழிக்கு இவ்ளோ இடம் இருக்கணும்னும் ஒரு கண்டிஷன் போடலாம். முதல் வருஷம் பத்துல ஒரு பங்கு முட்டைக்கு போடட்டும், கூடுற விலையை அரசாங்கம் குடுக்கட்டும், குழந்தைங்க தட்டுல ஒரு முட்டை கூட குறைய வேணாம். வாங்க ஆள் நிச்சயம்னா கூண்டை மாத்த நான் ரெடின்னு அந்த அண்ணனே சொன்னாரு. இதை ஒரு மனுவா எழுதி எங்க தொகுதி எம்எல்ஏ ஆபீஸ்ல குடுக்க போறேன். எங்க தெரு கறிக்கடை பாய்கிட்டயும் பேசினேன், கையெழுத்து போடுறேன்னு முதல் ஆளா சொன்னது அவருதான்.