தமிழ்ச் செய்தி அறையில் நான் நம்பும் கருவிகள்

சிங்கப்பூரில் எங்கள் செய்தி அறைக்கு வேலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “அக்கா, எந்த ஆப்பைக் கத்துக்கிட்டா நல்லது?” பட்டியல் போட்டுக் கொடுப்பது எளிது. நான் அதற்கு முன் ஒரு சின்ன வேலை தருவேன். கேப்கட், டாவின்சி ரிசால்வ் என்று எந்தக் காணொளித் தொகுப்பு மென்பொருளில் வேண்டுமானாலும் சரி, ‘சிராங்கூன் சாலையில் கோயில் தொண்டூழியர்கள்’ என்று காணொளியில் எழுதிக் காட்டச் சொல்வேன்.

கோ என்ற எழுத்தில் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். தமிழை அமைக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு தனியே பிரிந்து ஓடும். பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் வந்து உட்காரும். அடோபி பிரிமியர் புரோவில் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவைச் சொடுக்க வேண்டியிருக்கும். எழுத்துருவுக்கு, கூகல் இலவசமாகத் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்களின் உழைப்பில் 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. இங்கிருந்து போகும் காணொளியில் கொம்பு உடைந்து கிடந்தால் எனக்கு மனம் ஆறாது.

சரிபார்க்கும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் கட்டாயம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளக் காணொளி வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்ததாக இருக்கலாம். உலாவியில் சேர்த்துக்கொள்ளும் இன்விட் நீட்சி காணொளியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். அவற்றை, படத்தை வைத்துத் தேடும் டின்ஐயிலும் கூகலிலும் தேடினால் பழைய பதிவு பெரும்பாலும் சிக்கிவிடும். வரைபடங்களுக்கு டேட்டாராப்பர். அதில் போட வேண்டிய எண்களுக்கு அரசாங்கத்தின் டேட்டா.ஜிஓவி.எஸ்ஜி, புள்ளிவிவரத் துறையின் தளம். லிட்டில் இந்தியா வட்டாரத்தின் பழைய தேக்காவையும் இன்றைய தேக்காவையும் அருகருகே வைத்து நகர்த்திக் காட்ட, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நைட் லேப் உருவாக்கிய ஜக்ஸ்டபோஸ் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்.

நேரம் போட வேண்டிய இடம் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி. 1845 முதல் வெளிவரும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் இதழ்களும் உள்ளன. நான் சொற்களைத் தட்டித் தேடுவதைவிட, தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். விளம்பரத்தில் ஒரு துணிக்கடையின் முகவரி, மூலையில் ஒரு சங்கத்தின் கூட்ட அறிவிப்பு என்று, தேடாத இடத்தில்தான் நல்ல கதை கிடைக்கும். சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும், போய்ப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களின் குரல்களும் இருக்கின்றன. ஒரு பெரியவரைப் பேட்டி காணப் போகுமுன் அவற்றில் ஒன்றையாவது முழுதாகக் கேளுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பேட்டி காண்பவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அப்புறம் ஒலி. படம் கொஞ்சம் ஆடினாலும் மக்கள் பார்ப்பார்கள்; பேச்சு புரியாவிட்டால் அடுத்த நொடியே தள்ளிவிடுவார்கள். அதனால் ஒலித் தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியைத்தான் முதலில் கற்கச் சொல்வேன். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் ஒரு வெளிநாட்டு ஊழியரிடம் பேசும்போது பேருந்து, கடைப் பாட்டு, நூறு பேரின் தொலைபேசிப் பேச்சு எல்லாம் மைக்கில் ஏறும். மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டு விழும் இடங்களில் அதை அடியில் போட்டால் காதுக்கு உறுத்தாது. காப்பிக்கடை மின்விசிறி போல ஒரே சீரான இரைச்சலை, அதன் மாதிரியை ஆடாசிட்டிக்குக் காட்டிக் குறைக்கலாம். பாட்டையும் பக்கத்து மேசைப் பேச்சையும் அப்படி எடுக்க முடியாது. அதிகமாகக் குறைத்தால் மனிதரின் குரலே தகரம் தட்டினாற்போல் ஆகிவிடும். கொஞ்சம் தெரு கேட்கட்டும், பரவாயில்லை.

பேட்டியை எழுத்தாக்க, ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் உதவும். அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் எங்கள் தமிழ் முழுதாகத் தெரியாது. ‘பாசார்ல வாங்கிட்டு புளோக் கீழ வந்தேன்’ என்று ஒரு பாட்டி சொன்னால் பாசார் (சந்தை) என்ற மலாயும் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) என்ற ஆங்கிலமும் கலந்த இடத்தில் தடுமாறும். ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள், எண்கள் எல்லாவற்றையும் மறுபடி காதால் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். ஆனாலும் நான் அதை விடாமல் பயன்படுத்த ஒரு காரணம் உண்டு. அதை நம் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். சம்பள பாக்கியைப் பற்றியோ விடுதி நிலவரத்தைப் பற்றியோ ஒருவர் நம்பிக்கையோடு பேசியிருப்பார். பெயர் வெளியே வந்தால் அவர் வேலை போகலாம். அந்தக் கோப்பை முன்பின் தெரியாத இலவச இணையச் சேவை எதிலும் ஏற்ற நான் யாரையும் அனுமதிப்பதில்லை, எவ்வளவு அவசரச் செய்தியாக இருந்தாலும்.