அன்னத்துக்குப் போட்ட புள்ளடி

12 செப்டெம்பர் 2024, வியாழன்

ஜனாதிபதித் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை வந்துவிட்டது. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை, பாவம் செக்கியூரிட்டிக்காரர் ஐந்து மாடியும் ஏறி வீடு வீடாகக் கொடுத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் பாதிக் கட்டடங்களின் வாசலில் நிற்பவர்கள் பழைய ஆமிக்காரர்கள்தான். எங்களுடையவரும் அப்படித்தான், சிங்க றெஜிமென்ட். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுவிட்டது. நான் அவரை மல்லி, அதாவது தம்பி, என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் எங்களுக்குள் பிரச்சினை இல்லை.

அட்டையைத் தந்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அங்கிள், இந்த முறை எங்கட லொக்காவும் கேட்கிறார், தெரியுமா?"

லொக்கா என்றால் சிங்களத்தில் பெரியவர், இங்கே பழைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. தெரியும் என்றேன். "நீங்கள் அவருக்கா போடுவீர்கள்?" என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை, அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்.

13 செப்டெம்பர், வெள்ளி

மழை. கோயிலுக்குப் போகவில்லை. வேறொன்றும் எழுத இல்லை.

15 செப்டெம்பர், ஞாயிறு

மல்லி கிளப்பிவிட்ட கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. புறக்கோட்டையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான், எதையும் வரவு செலவு என்று ஒரு தாளில் இறக்கி வைத்தால்தான் நித்திரை வரும். அதனால் அந்த மனிதரின் கணக்கை எழுதிப் பார்க்கிறேன்.

1950இல் பிறந்தவர், அம்பலாங்கொடை. 1970இல் படையில் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்து யாழ்ப்பாணமும் போகப் போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அங்கே நின்று பிடித்த அதிகாரிகளில் அவரும் ஜனக பெரேராவும் முக்கியமானவர்கள். 2005 டிசம்பரில் இராணுவத் தளபதி. 2006 ஏப்ரல் 25இல் கொம்பனித்தெரு இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே தற்கொலைக் குண்டு வெடித்து, குற்றுயிராகக் கிடந்தவர் சில மாதத்தில் திரும்ப வந்து கதிரையில் உட்கார்ந்தார். 2009 மேயில் யுத்தம் முடிந்தது. நொவெம்பரில் சீருடையைக் கழற்றினார். 2010 ஜனவரியில், தனக்குக் கட்டளை கொடுத்த அதே ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கு எதிராக வேட்பாளராக நின்றார்.

2008இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்த நாடு சிங்களவருக்குச் சொந்தம் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் சொன்னவரும் இவர்தான். மற்றவர்களும் இருக்கலாம், ஆனால் நியாயமில்லாததைக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று யோசிக்கவே தேவையில்லை.

ஜனக பெரேரா என்று எழுதியதும் அவர் ஞாபகமும் வருகிறது. அவரும் மேஜர் ஜெனரல். மணலாற்றில் அவர் பெயரில் ஜனகபுர என்று ஒரு குடியேற்றமே இருக்கிறது, எங்கள் ஆட்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஓய்வு பெற்று, தூதுவராக இருந்துவிட்டு, 2008 ஓகஸ்ட்டில் ஐக்கிய தேசியக் கட்சியின் முதலமைச்சர் வேட்பாளராக வடமத்திய மாகாண சபைக்குக் கேட்டார். தோற்று, எதிர்க்கட்சித் தலைவரானார். ஒக்டோபர் 6ஆம் தேதி அனுராதபுரத்தில் தற்கொலைக் குண்டில் மனைவியோடு இறந்துபோனார். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருவருக்கு அரசியல் ஆறு வாரம், மற்றவருக்குப் பதினான்கு வருடமாக இழுக்கிறது.

17 செப்டெம்பர், செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. காலி வீதி ஓய்ந்து கிடந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன், வவுனியாவில் அவளுக்கும் அட்டை வந்துவிட்டதாம்.

2010ஐப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன், சரி, எழுதிவிடுகிறேன்.

அப்போது கொழும்பில் இருந்த தமிழருக்குப் பொலிஸ் பதிவுத் துண்டு என்பது உடம்பில் இன்னொரு தோல் மாதிரி. கடைக்குப் பான் வாங்கப் போனாலும் சட்டைப் பையில் அடையாள அட்டையும் அந்தத் துண்டும் இருக்கவேண்டும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதையும், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதையும் இந்த ஒழுங்கையில் யாரும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரிலிருந்த லொட்ஜில் ஒரு கிழவி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றிவிட்டார்கள். அந்தச் செருப்பில் ஒன்று மத்தியானம்வரை படியிலேயே கிடந்தது.

அப்படி இருந்த எங்களிடம் யுத்தத்தை நடத்தச் சொன்னவர் ஒரு பக்கமும் நடத்திக்கொடுத்தவர் ஒரு பக்கமும் வந்து வோட்டுக் கேட்டார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரிக்கச் சொல்லிவிட்டது, அவருடைய சின்னம் அன்னம். அக்கா அகதி முகாமிலிருந்து வெளியே வந்து சில வாரம்தான். அத்தானை, கடைசி யுத்தம் நடந்த மாத்தளனில் 2009 மார்ச்சில் விட்டுவிட்டு வந்தவள். தேர்தலன்று காலையில் போனில் சொன்னாள்: "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளியடா நல்ல கொள்ளி? நான் அன்னத்துக்குப் போட்டுட்டு வந்திட்டன்." ஏன் அக்கா என்று கேட்டேன். "மற்றவர் தோற்கிறதை ஒருக்காப் பார்க்கவேணும்."

நானும் போய் அன்னத்துக்குப் புள்ளடி போட்டேன். ஒரு சேனாதிபதிக்கு! பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் நின்ற அதிகாரி இருமினார்.

அன்று பின்னேரம் ஒரு செய்தி வந்தது: பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லையாம், அவரால் தனக்கே வோட்டுப் போட முடியவில்லை. அக்காவும் நானும் போட்டோம், அவர் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் வாக்களிக்கப் போனதே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான், போனவர்களில் அறுபது வீதத்துக்கும் மேல் அவருக்குப் போட்டார்கள். வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை, நுவரெலியா எல்லாம் அவருக்கு. தமிழரும் முஸ்லிம்களும் கூடுதலாக இருக்கும் இடங்களில் வென்றார், சிங்கள ஊர்களில் தோற்றார். யுத்தத்தை வென்ற தளபதிக்கு! அக்கா சொன்ன காரணத்தைத்தான் வடக்கில் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அவரைப் பிடித்து ஒருவரும் போடவில்லை.

18 செப்டெம்பர், புதன்

இன்று நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் நாளைக்காவது மத்தியானம் கண்ணை மூடலாம்.

மல்லிக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேற்று எழுதியதை அவரிடம் சொன்னேன். அந்த நேரம் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். இந்தமுறை ஒளிக்கவில்லை. கிளிநொச்சி முகாமில் தபால் வோட்டாம். "வெற்றிலைக்கு" என்றார். அதாவது மகிந்தவுக்கு.

நான் அன்னத்துக்குப் போட்டதைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்கள் எங்கட லொக்காவுக்கு, நான் மற்றவருக்கா?" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார், எனக்கும் சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பென்று சொல்லமாட்டேன்.

ஏன் போடவில்லை என்றதற்கு அவர் சொன்னது: கண்டிப்பான மனிதர், சண்டை தெரிந்த மனிதர், அவர் சொன்னால் போவோம், ஆனால் தேர்தலில் நின்றதும் எங்கள் சண்டையை அவர் விற்கிறார் என்று முகாமில் பேசிக்கொண்டார்கள், யார் பேசச் சொன்னார்களோ தெரியாது, அப்போது எங்களுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது. அப்புறம் 2010 பெப்ரவரி 8இல் அவரைப் பிடித்தபோது மல்லி லீவில் ஊரில் இருந்தாராம். டிவியில் பார்த்த அம்மா அழுதாராம். இவர் அழவில்லையாம். அதைத்தான் இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தடுப்பில் இருந்தபடியே ஏப்ரலில் கொழும்பு மாவட்டத்தில் எம்பி ஆனார். இரண்டு இராணுவ நீதிமன்றங்கள். ஒன்று பதவியையும் பதக்கங்களையும் பறித்தது, மற்றது 2010 செப்டெம்பரில் 30 மாதம் சிறை என்றது, எம்பி பதவியும் போனது. 2012 மேயில் வெளியே வந்தார். 2015இல் ஆட்சி மாறியதும் பதவியைத் திருப்பிக் கொடுத்து, பீல்ட் மார்ஷலும் ஆக்கினார்கள். அதே வருடம் பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு தேசியப் பட்டியலில் எம்பி, மந்திரி, 2020இல் கம்பஹாவிலிருந்து எம்பி.

ஒன்றை மட்டும் அவர் பக்கத்தில் வரவாக எழுதவேண்டும். 2017இல், யுத்த காலக் குற்றங்கள் பற்றி, தனக்குப் பின் தளபதியாக இருந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயார் என்று வெளிப்படையாகச் சொன்னார். பழைய பகைதான் காரணம் என்பார்கள். இருக்கட்டும், சீருடை போட்ட வேறு யார் அவ்வளவு தூரம் வந்தார்கள்?

21 செப்டெம்பர், சனி

காலை ஏழே கால். பள்ளிக்கூட வாசலில் முப்பது பேர்வரை. வேட்புமனுக் கொடுத்தவர்கள் 39 பேர், ஒருவர் இடையில் இறந்துபோனார். வாக்குச்சீட்டு 27 அங்குலம். என் மேசையில் இருக்கிற அடிமட்டத்தை இரண்டு முறை வைத்தாலும் மூன்று அங்குலம் மிஞ்சும். மேலிருந்து கீழாக விரலை வைத்துக்கொண்டு போனேன், பொன்சேகாவின் பெயரில் விரல் ஒருதரம் நின்றது. பிறகு இறங்கியது. சீட்டை மடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, பெட்டியின் வாயில் திணிக்க ஒரு பிள்ளை உதவி செய்தாள்.

இரவு பத்து மணிக்கு ஊரடங்கு.

22 செப்டெம்பர், ஞாயிறு

யாருக்கும் ஐம்பது வீதம் இல்லை. சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். இரவு அநுர குமார வென்றதாக அறிவித்தார்கள், கீழே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

24 செப்டெம்பர், செவ்வாய்

சிங்களப் பேப்பர் முடிந்துவிட்டதென்று மல்லி என்னுடைய தமிழ்ப் பேப்பரைக் கேட்டு வாங்கி, முடிவு அட்டவணையை மேசையில் விரித்து, அந்தப் பாதி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாது, ஆனாலும் தேடினார். நான் காட்டினேன். பொன்சேகாவுக்கு 22,407.

"இருபத்திரண்டு லட்சமா?"

"ஆயிரம், மல்லி."

2010இல் 41 லட்சத்து 73 ஆயிரம் என்றும் சொன்னேன், அதில் ஒன்று என்னுடையது, ஒன்று அக்காவுடையது. அவர் அதைக் காதில் வாங்கினாரோ தெரியாது. எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஆமியில மட்டும் இதைப்போல பத்து மடங்கு ஆள் இருந்தோமே அங்கிள்" என்றார். வாசலில் ஒரு கார் ஹோர்ன் அடித்தது, பேப்பரை நாலாக மடித்து என் கையில் தந்துவிட்டு கேட்டைத் திறக்கப் போனார்.